விட்டுக்கொடுக்காத கோல்களின் கணக்கு

கால்பந்துப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் நாளிதழைத் திறந்தால், கோல் அடித்தவரின் பெயரும் அடித்த நிமிடமும் முதலில் நம் கண்ணில் படுகின்றன. கோலாகாமல் போன பந்துகளுக்கு அங்கே இடமில்லை. எதிரணி வீரர் உதைக்கக் காலை ஓங்கிய கணத்தில் குறுக்கே பாய்ந்தவரும், உயரப் பறந்து வந்த பந்தை நெற்றியால் முட்டி அப்புறப்படுத்தியவரும் அந்தச் செய்தியில் இடம்பெறுவது அரிது. பின்களத்தில் நின்று தடுப்பவரின் உழைப்பு அத்தகையது. அவர் தம் வேலையைச் செவ்வனே செய்தால், அதன் பயன் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதே. வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கமுள்ளோர் இதை எளிதில் உணர்வர். வந்த வரவு ஏட்டில் நிற்கும். நேராமல் தடுக்கப்பட்ட இழப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அப்படித் தடுக்கும் வேலையையே பதினைந்து ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், பின்னர் பயிற்சியாளராகி, தம் சிறிய நாட்டை ஐரோப்பாவின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக நிறுத்தினார். வேல்ஸ் நாட்டின் கிறிஸ் கோல்மன் என்னும் அந்த மனிதரின் வாழ்க்கையில் வெற்றிகள் சில, தோல்விகள் பல. அவரே அதை ஒளிக்காமல் சொன்னவர். அவரது கதையை நாம் இங்கே காண முற்படுவது அதனாலேயே.

துறைமுக நகரத்துச் சிறுவன்

பிரித்தானியத் தீவின் மேற்கு ஓரத்தில், மலைகளும் கடலும் சூழ அமைந்த நாடு வேல்ஸ். அதன் மக்கள்தொகை சுமார் 30 லட்சம்; நம் சென்னை மாநகரின் மக்கள்தொகையைவிடக் குறைவு. அந்நாட்டின் தென்கரையிலுள்ள துறைமுக நகரமான ஸ்வான்சியில் 1970ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கோல்மன் பிறந்தார். பதின்ம வயதில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரைத் தன் இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டது. ஆனால் வீட்டு நினைவு அவரை அங்கே நிலைகொள்ளவிடவில்லை. ஊர் திரும்பினார். 1987இல் தம் சொந்த ஊர்க் கழகமான ஸ்வான்சி சிட்டியில் தொழில்முறை ஆட்டக்காரராகத் தொடங்கினார்.

அன்றைய ஸ்வான்சி, ஆங்கில லீக்கின் கடைசிப் படியான நான்காம் பிரிவில் இருந்தது. கோல்மன் சேர்ந்த அடுத்த ஆண்டே அது மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. 1989இலும் 1991இலும் வேல்ஸ் கோப்பையை வென்றது. தொடக்கத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடிய அவர், நாளடைவில் கோல் முகப்புக்கு முன்னால் நிற்கும் மையத் தடுப்பாட்டக்காரராக உருப்பெற்றார். பக்கவாட்டில் ஆடுபவர் ஒரு தவறு செய்தால் அதைச் சரிசெய்ய உள்ளே இன்னொருவர் இருப்பார். மையத்தில் ஆடுபவர் தவறினால் அவருக்குப் பின்னால் கோல்காப்பாளரைத் தவிர வேறு யாருமில்லை.

1991இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கழகத்துக்கு அவர் மாறினார். அங்கே கழிந்த நான்கு ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த காலம். புதிதாகத் தொடங்கப்பட்ட பிரீமியர் லீக்கின் முதல் பருவத்திலேயே, 1993இல், பேலஸ் கீழிறங்கியது. மறு ஆண்டே முதல் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது. 1995இல் மீண்டும் இறங்கியது. அந்த ஆண்டின் இறுதியில், அப்போது இங்கிலாந்தின் நடப்பு வாகையராக இருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை வாங்கியது. உச்சத்தை எட்டிவிட்டார் என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும். குதிகால் நரம்புக் காயம் குறுக்கிட்டது. அங்கே அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 28 மட்டுமே.

1997இன் இறுதியில் அவர் எடுத்த முடிவு பலருக்கும் வியப்பளித்தது. பிரீமியர் லீக்கை விட்டு, இரண்டு படிகள் கீழே இருந்த ஃபுல்ஹாம் கழகத்துக்குச் சென்றார். அக்கழகத்தை முகமது அல் ஃபாயத் வாங்கிய புதிது. மேலே ஏற வேண்டும் என்னும் ஆவல் அங்கே நிறைந்திருந்தது. அணித்தலைவராகப் பொறுப்பேற்ற கோல்மன், 1998-99 பருவத்தில் 101 புள்ளிகளுடன் தம் அணியை அடுத்த பிரிவுக்கு உயர்த்தினார். அதற்கடுத்து பிரீமியர் லீக். அதற்கும் ஃபுல்ஹாம் தயாராகிக்கொண்டிருந்தது.

சாலையில் முறிந்த கால்

2001ஆம் ஆண்டு ஜனவரி 2. ஃபுல்ஹாம் பிரிவின் முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோல்மன் ஓட்டிச் சென்ற கார் சாலையை விட்டு விலகி விபத்துக்குள்ளானது. அவரது கால் மோசமாக முறிந்தது. காலையே இழக்க நேரிடுமோ என்னும் அச்சமும் எழுந்தது. அப்போது அவருக்கு வயது 30. மையத் தடுப்பாட்டக்காரர்கள் பலர் தம் சிறந்த ஆட்டத்தை ஆடும் வயது அது.

அந்த ஆண்டு ஃபுல்ஹாம் பிரீமியர் லீக்கை எட்டியது. தாம் தலைமை தாங்கி ஏற்றிவந்த அணி இலக்கை அடைந்ததை அவர் களத்துக்கு வெளியிலிருந்து பார்க்க நேர்ந்தது. அந்த அணிக்காகப் பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்க்கவில்லை. மீண்டும் ஆட வேண்டும் என்று அவர் நீண்ட காலம் முயன்றார். 2002 மே மாதம் கார்டிஃப் நகரில் ஜெர்மனியை வேல்ஸ் 1-0 என வென்ற ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் மாற்று வீரராகக் களம் புகுந்தார். நாட்டுக்காக அவர் ஆடிய 32ஆவது ஆட்டம் அது. கடைசி ஆட்டமும் அதுவே. அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

தாமே விரும்பி விலகும்போது தொழில் மாறுவதற்கும், தொழில் நம்மை விட்டு விலகும்போது மாறுவதற்கும் வேறுபாடு உண்டு. கோல்மனுக்கு நேர்ந்தது இரண்டாவது. எனினும் அவர் அதே கழகத்தில், மேலாளர் ழான் டிகானாவின் பயிற்சிக் குழுவில் சேர்ந்து, கற்கத் தொடங்கினார்.

இளம் வயது மேலாளர்

கற்பதற்குக் கிடைத்த காலம் ஆறே மாதங்கள். 2003 ஏப்ரலில் டிகானா நீக்கப்பட்டார். பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கும் ஆபத்தில் அணி தத்தளித்தது. பருவம் முடியச் சில ஆட்டங்களே எஞ்சியிருந்த நிலையில் கோல்மனிடம் பொறுப்பு தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. ஃபுல்ஹாம் தப்பிப் பிழைத்து 14ஆம் இடத்தில் முடித்தது. மே மாதத்தில் பதவி நிலையானது. 32 வயதில், அப்போதைய பிரீமியர் லீக்கின் மிக இளைய மேலாளர் அவரே.

அடுத்த பருவத்தில் கீழிறங்கும் அணிகளுள் ஒன்றாக ஃபுல்ஹாமைப் பலர் கணித்தனர். சொந்த மைதானத்தில் ஆட இயலாமல் வேறொரு கழகத்தின் மைதானத்தில் ஆடிவந்த அணி அது. பருவத்தின் நடுவில், அதிக கோல் அடித்துவந்த லூயி சகாவையும் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிச் சென்றது. அத்தனைக்கும் இடையில் அந்த அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தது. 2003 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என வீழ்த்தியும் இருந்தது.

அதன்பின் சரிவு. 2007 ஏப்ரலில் ஃபுல்ஹாம் அவரை நீக்கியது. ஸ்பெயினில், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த ரியல் சோசியதாத் கழகத்துக்குச் சென்றார். சில மாதங்களிலேயே பதவி விலகினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பணியாற்றினார்; 2010இல் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். அடுத்து கிரேக்க நாட்டின் இரண்டாம் பிரிவிலிருந்த லாரிஸா. அக்கழகம் பணநெருக்கடியில் சிக்கியது. 2012 ஜனவரியில் அவர் அங்கிருந்து வெளியேறினார். ஒரு காலத்தில் இளைய மேலாளர் என்று போற்றப்பட்டவரின் பெயர், பெரிய கழகங்கள் எதுவும் நினைத்துப் பார்க்காத பெயராக ஆகியிருந்தது.

நண்பர் விட்டுச் சென்ற இடம்

இதே காலத்தில் வேல்ஸ் தேசிய அணியில் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 2010 டிசம்பரில் கேரி ஸ்பீடு அதன் மேலாளரானார். கோல்மனுடன் சிறுவயதிலிருந்தே நட்புக் கொண்டவர் அவர். வேல்ஸின் இளையோர் அணிகளிலும் தேசிய அணியிலும் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். 2011 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 117ஆம் இடம்வரை தாழ்ந்திருந்த வேல்ஸ், அவ்வாண்டின் இறுதியில் தொடர்ந்து வெற்றி கண்டது. அந்த ஆண்டில் தரவரிசையில் மிகுந்த முன்னேற்றம் கண்ட நாடு என்று ஃபிஃபா வேல்ஸைத் தேர்ந்தெடுத்தது. இளம் வீரர்கள் ஸ்பீடின் மேல் அளவற்ற அன்பு வைத்திருந்தனர்.

2011 நவம்பர் 27 அன்று ஸ்பீடு காலமானார். அவருக்கு வயது 42. நாடு முழுவதும் துயரில் ஆழ்ந்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழிந்தபின் அந்த இடத்துக்குக் கோல்மன் நியமிக்கப்பட்டார். தம் நாட்டு அணியை வழிநடத்துவது அவர் விரும்பிய பணிதான். ஆனால் இப்படிக் கிடைப்பதை அவர் விரும்பியிருக்க முடியாது. உடை மாற்றும் அறையில் எதிரே அமர்ந்திருந்தவர்கள் தங்கள் தலைவரை இழந்து துக்கத்திலிருந்த இளைஞர்கள். அவர்களிடம் பேச நின்றவரும் ஒரு நண்பரை இழந்தவர்.

ஒருவர் பாதியில் விட்டுச் சென்ற பணியை ஏற்பவருக்கு எழும் சிக்கல் நமக்குப் புதிதன்று. குடும்பத்துக் கடையையோ நிலத்தையோ ஏற்று நடத்தியவர்கள் அதை அறிவார்கள். முன்னவர் செய்தபடியே செய்தால் அது மரியாதை. மாற்றினால் அது துரோகமோ என்று மனம் அஞ்சும். கோல்மனும் அப்படியே நடந்துகொண்டார். ஸ்பீடின் ஏற்பாடுகளையும் அவரது முறையையும் கலைக்காமல் தொடர முயன்றார். ஸ்பீடு தேர்ந்தெடுத்த அணித்தலைவர் ஆரன் ராம்சியே தலைவராகத் தொடர்ந்தார்.

விளைவு கசப்பாக இருந்தது. ஸ்பீடின் நினைவாக நடந்த முதல் ஆட்டத்தில் கோஸ்டா ரிகாவிடம் தோல்வி. அடுத்து மெக்சிகோவிடமும் போஸ்னியாவிடமும் தோல்வி. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் தோல்வி. 2012 செப்டம்பர் 11 அன்று செர்பியாவின் நோவி சாட் நகரில் வேல்ஸ் 6-1 எனத் தோற்றது. ஐந்து ஆட்டங்கள், ஐந்து தோல்விகள். தடுப்பாட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் அணி ஒரே இரவில் ஆறு கோல்களை விட்டுக்கொடுத்திருந்தது.

தவறை ஒப்புக்கொண்ட நாள்

அந்தத் தோல்விக்குப் பின் தாம் மனம் உடைந்துபோனதைக் கோல்மன் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நண்பரின் நினைவைக் காக்கும் எண்ணத்தில், தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்யாமல் இருந்ததே தாம் செய்த பிழை என்று அவர் கண்டுகொண்டார். வீரர்கள் ஸ்பீடைத்தான் இன்னும் தங்கள் தலைவராக எண்ணினர். அவரைப்போல நடந்துகொள்ள முயன்ற ஒருவர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முடிவெடுக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

அடுத்த மாதமே முதல் முடிவு வந்தது. ராம்சியிடமிருந்த தலைமைப் பொறுப்பு மையத் தடுப்பாட்டக்காரர் ஆஷ்லி வில்லியம்ஸிடம் மாற்றப்பட்டது. ராம்சிக்கு அப்போது வயது 21. பாரம் நீங்கிய அவர் தம் ஆட்டத்தில் கருத்தூன்ற முடிந்தது. கீழ்ப் பிரிவுகளில் ஆடி, படிப்படியாக மேலே வந்தவரான வில்லியம்ஸ், பின்களத்திலிருந்து அணி முழுவதையும் பார்த்துக் குரல் கொடுக்கக்கூடியவர். ஸ்காட்லாந்துக்கு எதிராக அவரது தலைமையில் ஆடிய வேல்ஸ் 2-1 என வென்றது.

ஆனால் திருப்பம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வேல்ஸ் ஆறு அணிகளுள் ஐந்தாம் இடத்தையே பெற்றது. 2013 செப்டம்பரில் மாசிடோனியா செல்ல வேண்டிய நாளில் கோல்மனின் கடவுச்சீட்டு காணாமல் போனது. அணி முன்னே பறந்தது; பயிற்சியாளர் பின்னால் தனியே போய்ச் சேர்ந்தார். அந்த ஆட்டத்திலும் தோல்வி. எள்ளி நகையாடுவோருக்கு வேறென்ன வேண்டும்? அவரை மாற்ற வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. எனினும் வேல்ஸ் கால்பந்துச் சங்கம் அவ்வாண்டு நவம்பரில் அவரது ஒப்பந்தத்தை நீட்டித்தது. அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் இனி நாம் சொல்லவிருக்கும் கதையே இல்லை.

இருபதிலிருந்து நான்குக்கு

இரண்டு தகுதிச்சுற்றுகளின் கணக்கை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் வேல்ஸ் ஆடிய ஆட்டங்கள் பத்துப் பத்து.

2014 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் வேல்ஸ் அடித்த கோல்கள் 9, விட்டுக்கொடுத்தவை 20. பெற்ற புள்ளிகள் 10.

2016 யூரோ கோப்பைக்கான தகுதிச்சுற்றில் அடித்த கோல்கள் 11, விட்டுக்கொடுத்தவை 4. பெற்ற புள்ளிகள் 21.

அடித்த கோல்களில் கூடியவை இரண்டே இரண்டு. விட்டுக்கொடுத்தவற்றில் குறைந்தவை பதினாறு. புள்ளிகளோ இரண்டு மடங்குக்கும் மேலாயின. கேரத் பேலைப் போன்ற உலகப் புகழ் பெற்ற வீரர் ஒருவர் இருந்ததால்தான் வேல்ஸ் வென்றது என்று பலரும் கூறினர். பேலின் பங்கு மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. 11 கோல்களுள் 7 அவருடையவை. ஆனால் ஒரே ஒரு கோல் அடித்து வெல்ல வேண்டுமானால், மறுபக்கத்தில் கோல் விழாதிருக்க வேண்டும். பத்து ஆட்டங்களுள் ஏழில் வேல்ஸ் ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இது எப்படி நிகழ்ந்தது? தகுதிச்சுற்று முன்னேற முன்னேற, பின்களத்தில் நால்வரை நிறுத்தும் வழக்கத்தைக் கோல்மன் கைவிட்டார். மையத்தில் மூவரை நிறுத்தினார். அவர்களுக்கு இருபுறமும் பக்கவாட்டில் ஓடி ஆட இருவர். மையத்தில் மூவர் இருந்தமையால் ஒருவர் முன்னேறித் தடுத்தாலும் இருவர் காவல் காக்க முடிந்தது. பக்கவாட்டில் இருப்பவர்கள் அச்சமின்றி முன்னேறினர். எதிரணி பந்தைப் பறித்தால் ஓடிவந்து ஐவர் வரிசையாக நின்றனர். இந்த அரண் பின்னால் இருந்ததால் பேலும் ராம்சியும் தடுப்பு வேலையின் சுமை குறைந்து, விரும்பிய இடத்துக்குச் சென்று ஆட முடிந்தது. பாதுகாப்பு உறுதியானபோதுதான் திறமைக்குச் சுதந்திரம் கிடைத்தது.

தொடக்கம் தடுமாற்றமாகவே இருந்தது. 2014 செப்டம்பரில் மலைநாடான அண்டோராவின் செயற்கைப் புல்தரையில் நடந்த முதல் ஆட்டத்தில், ஆறாம் நிமிடத்திலேயே அண்டோரா பெனால்டி மூலம் முன்னிலை பெற்றது. பேல் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அவர் அடித்த பிரீ கிக் கோலால் வேல்ஸ் 2-1 எனத் தப்பியது. அதன்பின் அணி உறுதிப்பட்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் பெல்ஜியத்துடன் கோலின்றிச் சமன். ஹைஃபாவில் இஸ்ரேலை 3-0 என வெற்றி. 2015 ஜூன் 12 அன்று கார்டிஃபில் பெல்ஜியத்தை 1-0 என வெற்றி. அக்டோபர் 10 அன்று மழையில் நனைந்தபடி போஸ்னியாவிடம் 2-0 எனத் தோற்ற அதே இரவில், இஸ்ரேல் சைப்ரஸிடம் தோற்றதால் வேல்ஸ் தகுதி பெற்றது. அந்தத் தகுதிச்சுற்றில் அணி கண்ட ஒரே தோல்வி அது. தோற்ற ஆட்டத்தின் முடிவில் வீரர்கள் ஆடிப்பாடிய காட்சியைக் கால்பந்து உலகம் அடிக்கடி காண்பதில்லை.

1958இல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் பின் பெரும் தொடர் எதிலும் வேல்ஸ் ஆடியதில்லை. அன்று காலிறுதியில் பிரேசிலிடம் 1-0 எனத் தோற்றது. அந்தக் கோலை அடித்தவர் 17 வயது பெலே. அதன்பின் எத்தனையோ முறை வாசல்வரை வந்து திரும்பியிருந்தது. 1993இல் ருமேனியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் வேல்ஸ் அடித்த பெனால்டி, கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஓசையை நினைத்து வருந்திய தலைமுறை, 58 ஆண்டுகளுக்குப் பிறகு தன் அணியைப் பிரான்சில் காணப் புறப்பட்டது.

பிரான்சில் ஒரு மாதம்

2016 ஜூன் 11 அன்று போர்தோ நகரில் ஸ்லோவாக்கியாவை 2-1 என வென்று வேல்ஸ் தொடங்கியது. இங்கிலாந்திடம் ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் விழுந்த கோலால் 2-1 எனத் தோற்றது. அந்தத் தோல்வியிலும் அணி நிலைகுலையவில்லை. நான்கு நாள் கழித்து ரஷ்யாவை 3-0 என வென்று, இங்கிலாந்தையும் முந்தி, பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்து வட அயர்லாந்தை 1-0 என வென்றது.

காலிறுதி ஜூலை 1 அன்று லீல் நகரில். எதிரணி, உலகத் தரவரிசையில் 2ஆம் இடத்திலிருந்த பெல்ஜியம். இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து 12.30 மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தை நம்மில் பலர் உறக்கம் துறந்து பார்த்திருப்போம். 13ஆம் நிமிடத்தில் பெல்ஜியம் கோல் அடித்தது. நோவி சாட் நகரில் சிதறிய அணியாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். 31ஆம் நிமிடத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை முட்டிச் சமன் செய்தவர் வில்லியம்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் கோல்மன் தலைவராக்கிய அதே தடுப்பாட்டக்காரர். 55ஆம் நிமிடத்தில் ஹால் ராப்சன்-கானு, பெல்ஜிய வீரர் மூவரை ஒரே சுழற்சியில் ஏமாற்றி இரண்டாம் கோலை அடித்தார். கழக ஒப்பந்தம் முடிந்து, அன்று எந்தக் கழகத்தையும் சாராதவராக இருந்தவர் அவர். 86ஆம் நிமிடத்தில் சாம் வோக்ஸ் மூன்றாவதை முட்டினார். 3-1.

அந்தத் தொடரின்போது செய்தியாளர்களிடம் கோல்மன் கூறிய கருத்து உலகெங்கும் பரவியது. தாம் கண்ட வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி என்றும், தோற்க நேருமோ என்று தாம் அஞ்சுவதில்லை என்றும், கனவு காண யாரும் தயங்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். வெற்றியின் உச்சியில் நிற்பவர் தம் தோல்விகளை எண்ணிச் சொல்வது அரிது. அதனாலேயே அந்தச் சொல் பலரது மனத்தில் பதிந்தது.

ஜூலை 6 அன்று லியோன் நகரில் அரையிறுதி. மஞ்சள் அட்டைகளால் ராம்சியும் பென் டேவிஸும் ஆட இயலவில்லை. இரண்டாம் பாதியில் மூன்று நிமிட இடைவெளியில் ரொனால்டோவும் நானியும் அடித்த கோல்களால் போர்ச்சுகல் 2-0 என வென்றது. பின்னர் கோப்பையையும் அதுவே கைப்பற்றியது. இரண்டு நாள் கழித்து கார்டிஃப் தெருக்களில் திறந்த பேருந்தில் வலம் வந்த வேல்ஸ் அணியைக் காணப் பெருந்திரள் கூடியது. வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தின் அப்போதைய சின்னத்தில் வேல்ஸ் மொழியில் ஒரு வாசகம் இருந்தது. சேர்ந்து ஆடுவதே சிறந்த ஆட்டம் என்பது அதன் பொருள். அன்று அந்த வாசகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பிறகும் தோல்விகள்

கதையை இங்கேயே முடித்தால் அது அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வேல்ஸ் பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. ஆனால் ஐந்து ஆட்டங்கள் சமனில் முடிந்திருந்தன. தோற்ற அந்த ஒன்று, 2017 அக்டோபரில் கார்டிஃபில் அயர்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டமாக அமைந்தது. வாய்ப்பு கைநழுவியது. நவம்பரில் கோல்மன் பதவி விலகினார்.

அடுத்து அவர் ஏற்றது சண்டர்லாந்து கழகம். ஆங்கில லீக்கின் இரண்டாம் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அது மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 2018 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். பிரான்சில் பெற்ற புகழ் இரண்டு ஆண்டுகளுக்குள் கரைந்துபோனது போலத் தோன்றியது. பின்னர் சீனாவின் ஹெபெய் கழகம், அதன்பின் கிரேக்கத்தின் அட்ரோமிட்டோஸ், சைப்ரஸின் லிமசோல், 2024இல் பெல்ஜியத்தின் லுவென் என அவரது பயணம் தொடர்ந்தது. பெரும்பாலும் இவை முதலிடத்துக்குப் போட்டியிடும் கழகங்கள் அல்ல. கீழே விழாமல் நிற்கப் போராடும் அணிகளே அவரைத் தேடி வந்தன. தடுப்பாட்டக்காரரை யார் அழைப்பார்கள்? ஆபத்தில் இருப்பவர்கள்தாமே!

வேல்ஸில் அவர் இட்ட அடித்தளம் அவரோடு போய்விடவில்லை. அடுத்த யூரோ கோப்பைக்கும் வேல்ஸ் தகுதி பெற்றது. 2022இல், 64 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பையிலும் ஆடியது. அப்போது அணியை வழிநடத்திய ராபர்ட் பேஜும் ஒரு காலத்தில் வேல்ஸின் மையத் தடுப்பாட்டக்காரராக இருந்தவரே. பேலும் ராம்சியும் ஆலனும் பென் டேவிஸும் ஹென்னஸியும் கோல்மன் காலத்திலிருந்து தொடர்ந்து அந்த அணியிலும் இருந்தனர்.

வாசகர்களே, கோல்மனின் வாழ்க்கையிலிருந்து வெற்றிக்கான சூத்திரம் எதையும் எடுத்துத் தர நாம் முயலவில்லை. அவரிடம் அப்படியொன்று இருந்திருந்தால் சண்டர்லாந்தில் அவர் தோற்றிருக்க மாட்டார். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. 6-1 எனத் தோற்ற இரவில் அவர் தம் கணக்கைத் திருப்பிப் பார்த்தார். எங்கே ஒழுகுகிறது என்று கண்டார். அதை அடைக்கும் பணியை, கைதட்டல் எதிர்பாராமல், மூன்று ஆண்டுகள் செய்தார். வரவு ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. இழப்பு இருபதிலிருந்து நான்காகக் குறைந்தது. எஞ்சியதைக் கொண்டு ஒரு சிறிய நாடு 58 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக்கொண்டது.

இனி ஒரு கால்பந்துப் போட்டியைக் காணும்போது, கோல் அடித்தவரைப் பாராட்டிய பின், மறுமுனையில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கும் பின்கள வீரரையும் ஒரு கணம் பார்ப்போம். பெயர் ஏட்டில் ஏறாத ஒருவர், அன்றைய கணக்கை நேராக்கியிருக்கக் கூடும்.